தாமதப் புத்தகத்தில் பக்கிரிசாமி

அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கழுத்தில் டை கட்டிய முதல் ஆள் துரை. இரண்டாவது ஆள் அம்சவல்லி. நடுவில் ஆபீஸ் குமாஸ்தாவான சின்னக் கிராணி ஒருவர் தம் கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டது உண்டு. ஆனால் அது ஊக்கு வைத்து மாட்டுகிற ரகம் என்று தாலி கட்டுவதற்குள்ளேயே தெரிந்துபோனதால், லயத்து வரிசை வீட்டுச் சனங்கள் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதாம் வருஷம், பள்ளிக்கூடத்தின் முதல் தவணை. டவுனிலிருந்த இடைநிலைப்பள்ளியில் அம்சவல்லி நாலாம் படிவத்துக்குப் போயிருந்தாள். மூன்றாம் படிவச் சோதனையைத் தாண்டிய தோட்டத்துப் பெண் அவள் ஒருத்திதான். அந்தப் பெருமையை அவள் அம்மா வடிவம்மாள் கொழுந்துக் கூடையோடு சேர்த்து மலை மலையாகச் சுமந்துகொண்டிருந்தாள். போதாததற்குத் தவணையின் இரண்டாம் வாரத்தில் பெண்ணுக்குப் பிரிபெக்ட் பதவியும் வந்து சேர்ந்தது. நீல டை, நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ், கையில் தாமதப் புத்தகம். மணி அடித்த பிறகு பள்ளிக்கு வருகிறவர்களின் பெயரை வாசலில் நின்று எழுதுவதுதான் வேலை.

பதவி இன்னும் நிரந்தரமாகவில்லை. தவணை முடியும்வரை பயிற்சி. கடைசி நாள் எல்லாரும் திடலில் கூடும்போது பெயரை வாசித்தால்தான் பதவி அவளுடையது. அதற்குள் மூன்று தடவை அவளே தாமதமாக வந்ததாகப் பதிவானால் டையும் பேட்ஜும் ஹெட்மாஸ்டர் மேசைக்குத் திரும்பிவிடும். அந்தக் கடைசி நாளை அம்சவல்லி நாள்காட்டியில் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருந்தாள். நானூறு மீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தும், விளையாட்டுப் போட்டி நாளுக்கு வட்டம் கிடைக்கவில்லை.

பிரிபெக்ட் என்றால் என்னவென்று லயத்தில் கேட்டவர்களுக்கு வடிவம்மாள் விளக்கினாள்.

"பேரு எழுதுறது, வரிசையில நிக்க வெக்கிறது, லேட்டா வந்தா ஏசுறது."

"அப்ப கங்காணின்னு சொல்லு" என்றார்கள். விஷயம் முடிந்தது. அன்று முதல் பதினாறு வயது அம்சவல்லி கங்காணியம்மா ஆனாள். விடிகாலைப் பெரட்டில் வேலையாட்களின் பெயரைக் கூப்பிடுகிற நிஜக் கங்காணி இராமையாகூட அவளைக் கண்டால், "ஒங்க பெரட்டு எத்தனை மணிக்குங்க?" என்று கேட்டுச் சிரிப்பார். அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு வெட்கமாகப் பிடித்தும் இருந்தது.

கஷ்டம் டையில் இருந்தது. அதைக் கட்டத் தெரிந்த கை லயத்தில் ஒன்றுகூட இல்லை. துரை பங்களாவுக்குப் போய்க் கேட்க முடியுமா? பள்ளியில் மூத்த மாணவி ஒருத்தி ஐந்து படமாக வரைந்து கொடுத்த காகிதத்தைச் சுவரில் ஒட்டி, உள்ளங்கை அகலக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து அம்சவல்லி கட்டினாள். முதல் முறை டை இடுப்புக்குக் கீழே தொங்கும். இரண்டாம் முறை நாலு விரல் நீளத்தில் நின்றுபோகும். ஐந்தாம் முறையில் ஒருவழியாகச் சரிவரும். நேரமாகிறது என்று விரட்ட வேண்டிய வடிவம்மாள் அதற்குள் பெரட்டுக்குப் போயிருப்பாள்.

பள்ளிக்கூட லோரி ஆறரைக்குப் புறப்பட வேண்டும். போன வருஷமெல்லாம் புறப்பட்டது. பாதிச் சடையோடு அதன் பின்னால் ஓடி ஏறிய நாள்கள் அம்சவல்லிக்கு நன்றாக நினைவிருந்தன. இந்த வருஷம்தான் டிரைவர் பக்கிரிசாமிக்குச் சோம்பல் வந்துவிட்டது என்பது அவள் முடிவு. அவள் வரும்போதெல்லாம் மனிதர் சாவகாசமாகக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருப்பார். அவளைக் கண்டதும் முன் கதவைத் திறந்து, "ஏறுங்க கங்காணியம்மா" என்பார். பின்னால் பதினெட்டுப் பிள்ளைகள் குளிரில் ஒட்டி உட்கார்ந்திருக்கும். அவள் அமர்ந்து பாவாடையைச் சரிசெய்த பிறகு சாவியைத் திருப்புவார். எஞ்சின் ஒரே திருப்பில் உறுமும்.

அந்த எஞ்சின்தான் பக்கிரிசாமியின் சொத்து, சுகம், பேச்சு எல்லாம். இரவில் அதற்குச் சாக்குப் போர்த்திவிட்டுத்தான் தாம் படுப்பார். "பிரிஞ்சாங் மலை முழுக்கக் கேட்டுப் பாருங்க. இந்தக் குளிர்ல ஒரே திருப்புல எடுக்கிற எஞ்சின் ரெண்டே ரெண்டு. ஒண்ணு என்னுது. இன்னொண்ணு இருக்குன்னு எவனாச்சும் சொன்னா அது பொய்லா" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்வார்.

எஞ்சின் எடுத்து என்ன, மணி அடித்து வாசல் சாத்திய பிறகுதான் லோரி போய்ச் சேர்ந்தது. அம்சவல்லி இறங்குவாள், புத்தகத்தைத் திறப்பாள், தன்னோடு வந்த பதினெட்டுப் பேரையும் நிற்கவைத்து எழுதுவாள். காலைக் கூட்டத்தில் கால்கடுக்க நிற்காமல் தப்பித்த சந்தோஷத்தில் பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. ஹெட்மாஸ்டர் என்சிக் ரம்லியும் தப்பு லோரியின் மேல் என்று அவள் தாமதத்தைப் பதியவில்லை. மூன்று வாரம் இப்படிப் போனதும் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"தினமும் பதினெட்டுப் பேரை எழுதி என்ன ஆகப்போகிறது? இதற்குக் காரணமான ஆள் ஒருவர்தானே. அவர் பெயரை எழுது" என்றார்.

அம்சவல்லி ஒரு நொடியும் தயங்கவில்லை. பக்கிரிசாமி, லோரி டிரைவர் என்று அழகாக எழுதினாள். படிவம் என்ற கட்டத்தில் மட்டும் கொஞ்சம் யோசித்து ஒரு கோடு இழுத்தாள்.

"பெரிய சார் ஒங்களப் பாக்கணும்னாரு மாமா" என்று மட்டும் அவரிடம் சொன்னாள். எதற்கு என்று சொல்ல நாக்கு வரவில்லை. மறுநாள் பக்கிரிசாமி வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசி, தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்து வந்திருந்தார். தோட்டத்துப் பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டுவருவதற்குப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு நல்ல வார்த்தை சொல்லப்போகிறார்கள் என்று முந்தின நாளே லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். அன்றும் லோரி ஆறே முக்காலுக்குத்தான் கிளம்பியது.

ஹெட்மாஸ்டர் அறையில் அவர் நாற்காலியில் உட்காரவில்லை. கைகட்டி நின்றார். ஏன் தினமும் தாமதம் என்று என்சிக் ரம்லி மலாயில் கேட்டார். பக்கிரிசாமி அம்சவல்லியின் பக்கம் திரும்பினார்.

"நீங்களே சொல்லிருங்கம்மா. தொர கேட்டா கங்காணிதான பதில் சொல்லணும்? நான் நேராப் பேசுனா மரியாத இல்ல."

"என்ன மாமா சொல்றது?"

"இதுல என்னங்க இருக்கு? கங்காணி ஏறாம லோரிய எடுக்கிற பழக்கம் நம்ப தோட்டத்துல ஏது? அம்மா டை கட்டிட்டு வர ஆறே முக்கா ஆவுது. அதுவரைக்கும் கண்ணாடி தொடச்சுக்கிட்டு நிப்பேன். போன வருசம் நீங்க சும்மா அம்சா. எடுத்துட்டுப் போய்ட்டே இருந்தேன். இப்ப முடியுமா?"

பெருமையாகத்தான் சொன்னார். அம்சவல்லிக்குக் காது இரண்டும் சூடேறின. வேலைக்காட்டுக்குப் போகிற லோரி இராமையா கங்காணி முன் சீட்டில் ஏறும்வரை அசையாது என்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவள்தான் அவள். பதினைந்து நாள் பதினெட்டுப் பேரை எழுதிய கை, எழுதவேண்டிய பெயரை ஒரு தடவைகூட எழுதவில்லை. சிவப்பு வட்டம் கண்முன்னே வந்து நின்றது.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் ஹெட்மாஸ்டர்.

"குளிரில் எஞ்சின் எடுக்கவில்லையாம் சார்" என்றாள் அம்சவல்லி, மலாயில்.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பக்கிரிசாமி தோட்டத்து வேலைக்கு வருமுன் ஏழு வருஷம் கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டியவர். வழியில் போலீஸ்காரரோடு மலாயில் சண்டையே போடுவார். அவர் மெல்லத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். அவள் டையைப் பார்த்தார். பேட்ஜைப் பார்த்தார்.

"அப்படியா?" என்று ஹெட்மாஸ்டர் நேராக அவரிடமே கேட்டார்.

பக்கிரிசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆமாங்க துவான்" என்றார், சுத்தமான மலாயில். "பழைய எஞ்சின். குளிரில் எடுக்காது. என் தப்புதான். நாளையிலிருந்து முன்னாலேயே வந்து சூடுபண்ணி வைக்கிறேன்."

எண்ணெய் வைத்துச் சீவிய தலை கொஞ்சம் குனிந்திருந்தது. அம்சவல்லிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளை நாலு அடி அடித்திருந்தாலும் தாங்கியிருப்பாள்.

மேசைமேல் கிடந்த தாமதப் புத்தகத்தை இழுத்துத் திறந்தாள். பக்கிரிசாமி என்ற பெயரைக் குறுக்கே அடித்தாள். அதற்குக் கீழே தன் பெயரை எழுதி, படிவம் நான்கு என்று கட்டத்தை நிரப்பி, ஹெட்மாஸ்டர் பக்கம் தள்ளினாள்.

"எஞ்சின் நல்ல எஞ்சின் சார். என் ஒருத்திக்காகத்தான் லோரி நின்றது. இவர் அதைத்தான் சொன்னார், நான்தான் மாற்றிச் சொன்னேன்."

"எத்தனை நாள்?"

"நான் பிரிபெக்ட் ஆன நாளிலிருந்து."

என்சிக் ரம்லி புத்தகத்தை மூடிவைத்தார். பிறகு கையை நீட்டினார். கட்டுவதற்குக் கால் மணி நேரம் எடுத்த டை அவள் இழுத்த ஒரே இழுப்பில் அவிழ்ந்து வந்தது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் அவர். குரலில் கோபம் இல்லை என்பதை அம்சவல்லி வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தாள்.

மறுநாள் காலை ஆறேகாலுக்கே அவள் லோரியடிக்கு வந்துவிட்டாள். பனி இன்னும் தேயிலைமேல் படுத்திருந்தது. பக்கிரிசாமி எஞ்சினுக்குப் போர்த்திய சாக்கை உருவிக்கொண்டிருந்தார். வெறும் கழுத்தோடு வந்தவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாக்கை மடிக்கத் தொடங்கினார்.

"நான் பின்னாடியே ஏறிக்கிறேன் மாமா."

"ஏறு. ஆனா அதுக்கு முந்தி ஒரு வேல இருக்கு அம்சா."

"என்ன மாமா?"

"நேத்துலேருந்து இதுக்கு மனசே சரியில்ல. ராவெல்லாம் மொனகிக்கிட்டே கெடந்துச்சு." எஞ்சின் மூடியைத் தட்டிக் காட்டினார். "போயி ஒரு வார்த்த சொல்லிட்டு ஏறு."

பின்னால் பிள்ளைகள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அம்சவல்லி லோரியின் முன்னால் போய் நின்றாள். பனி நனைத்த இரும்பில் உள்ளங்கையை வைத்தாள். சில்லென்றிருந்தது.

"பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிரு" என்றாள், எஞ்சினைப் பார்த்துச் சொல்லத் தொடங்கி அவரைப் பார்த்து முடித்தாள்.

பக்கிரிசாமி ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு.