சாக்கடைக் கோரை

அந்தக் கோரையை நினைத்தாலே எனக்கு இன்றும் குமட்டும். 1961 சீசனில், குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் கக்கூசுக்குப் பின்னால் அதைப் பிடுங்கினேன். குளிப்பவர்களின் எண்ணெய்ப் பிசுக்கும் சீயக்காயும், சொல்லக் கூசுகிற மற்றதும் ஓடும் சாக்கடை. செடி விரலளவு உயரம். தண்டை உருட்டினால் மூன்று விளிம்பு தட்டுப்பட்டது. நுனியில் மிளகளவு பச்சை உருண்டை. கண்ணாடிச் சாமான் பெட்டிகளில் அடைத்து வந்த வெளிநாட்டு வைக்கோலை லாட்ஜ்காரர்கள் அங்கேதான் கொட்டியிருந்தார்கள். அதிலிருந்து நாலடி தள்ளி ஒன்றுகூட முளைக்கவில்லை. வந்தேறிச் செடி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

காலேஜில் நான் தற்காலிக டெமான்ஸ்ட்ரேட்டர். என்னை நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் தாவரவியல் பேராசிரியர் நாறும்பூநாதன். செடியைத் தாளில் ஒட்டி அவரிடம் கொடுத்தேன். லென்ஸில் பார்த்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"புது ஜாதிவே இது. நம்ம மலைக்கே உரியது. கட்டுரை எழுதப்போறேன். எங்கன கெடச்சுது?"

"கக்கூஸ் சாக்கடையில சார். இது வெளிநாட்டுக் கோரை."

"அப்படிப் போட்டா எவன்வே மதிப்பான்? லேபிள்ல, மலை மேல செண்பகாதேவி அருவிப் பாறைன்னு எழுதும். உம்ம கடுதாசி எங்கிட்டதான் கெடக்கு."

எழுதினேன். வீட்டில் நாலு வயிறு.

கட்டுரை வெளிவந்ததும், செடியை நேரில் பார்க்க கல்கத்தாவிலிருந்து ஒரு நிபுணர் வருவதாகத் தந்தி வந்தது. பேராசிரியர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நாலு கொத்து பிடுங்கிட்டுப் போயி மேல நட்டு வச்சிட்டு வாரும்."

தகர டப்பாவில் சாக்கடைச் சேற்றோடு அள்ளிக்கொண்டு, வேட்டியெல்லாம் நாற மலையேறினேன். ஜனங்கள் கும்பிட்டுக் குடிக்கிற தண்ணீர் கசியும் பாறை இடுக்கில் அதை நட்டேன். நிபுணர் வந்தார், பார்த்தார், கைகுலுக்கினார். என் வேலையும் நிரந்தரமானது. தூ, என்ன பிழைப்பு.

மூன்று வருடம் கழித்து மாணவர்களை அங்கே கூட்டிப் போனோம். பாறையில் வழக்கமாகப் பூக்கும் சின்ன நீலப் பூக்கள் ஒன்றுகூட இல்லை. ஓடை நெடுகக் கோரைதான். பேராசிரியர் குனிந்து தடவிக் கொடுத்தார்.

"பாத்தீரா ஞானதுரை, நீரு என்னமோ வெளிநாடுன்னு சாதிச்சீரு. எப்படிச் செழிச்சு நிக்குது பாரும். இதுதான்வே இதுக்குச் சொந்த எடம்."

அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே மறந்துபோயிருந்தார்.

ஒரு மாணவி நோட்டைத் திறந்துகொண்டு என்னிடம் வந்தாள். "சார், நீங்க இதை மொதல்ல எங்க பாத்தீங்க?"

"இங்கனதாம்மா" என்றேன்.