உடையாத துண்டுகள்

குழாய் வாயிலிருந்து பொத்தென்று தொட்டியில் விழுந்தது அன்னாசித் துண்டு இல்லை, கூழ். பம்பைக் கொண்டுவந்திருந்த கம்பெனிக்காரர் ஒரு கரண்டி அள்ளிப் பார்த்துவிட்டு, பழம் ரொம்பக் கனிந்துவிட்டது என்றார். மேனேஜர் குனிந்து தொட்டிக்குள் பார்த்தார். வாளிகளோடு சுவரோரம் ஒதுங்கி நின்ற பெண்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இதுக்கா அவ்ளோ பெரிய பெட்டி? எங்க வீட்டு மிக்ஸியே போதுமே!" என்றாள் மூத்தவள். எல்லோருக்கும் அவள் பெரியக்கா.

ஆலையில் மெஷின்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டரின் மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பழம் வெட்டுவதற்குப் போன வருஷமே மெஷின் வந்துவிட்டது. சர்க்கரைப் பாகில் ஊறிய துண்டுகளை அள்ளி, இரும்புப் படியேறி, மேலே டப்பாவில் அடைக்கும் மெஷினுக்குக் கொண்டுபோவதுதான் அவர்களுக்கு மிச்சமிருந்த வேலை. தோள்பட்டை கழன்றுவிடும் வேலை. அதைக் குழாய் வழியே செய்யத்தான் இந்தப் பம்பு வந்திருந்தது. ஆனால் துண்டு உடைந்தால் டப்பாவுக்கு ஆகாது. உடையாமல் கொண்டுபோகக் கைதான் வேண்டும் என்று இத்தனை நாளும் எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

"நாளைக்கு இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்க. சரி வரலைன்னா வண்டியில ஏத்திடுங்க" என்று சொல்லிவிட்டு மேனேஜர் போனார். கம்பெனிக்காரரும் யாருக்கோ போன் பேசியபடியே கிளம்பிவிட்டார். ஃபிட்டரான அவள் கணவன் மட்டும் பம்பின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குழாயை விரலால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக்குக் கிளம்பலாமா என்று அவள் சைகை காட்டினாள். அவன் பார்க்கவேயில்லை.

மறுநாள் வேலைக்கு வந்தபோது குழாயில் வெடுக்கென்று திரும்பிய முழங்கை வளைவைக் காணோம். அந்த இடத்தில் அவள் கணவன் ராத்திரியோடு ராத்திரியாக அகலமான புது வளைவைப் பொருத்தியிருந்தான். பம்பின் வேகத்தையும் பாதிக்குமேல் குறைத்திருந்தான். சுவிட்சைப் போட்டதும் முதலில் வெறும் பாகு வந்தது. பிறகு துண்டுகள் வர ஆரம்பித்தன. ஓரம் மழுங்காமல், நார் பிரியாமல், ஒவ்வொன்றும் கத்தியில் வெட்டிய மாதிரியே. மேனேஜர் அவன் தோளில் தட்டினார். அவன் முகம் மலர்ந்ததை அவள் பார்த்தாள். மகள் பிறந்த அன்றைக்குப் பிறகு அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை. சந்தோஷப்படவேண்டிய முகம்தான். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். பெரியக்கா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலமே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். வாளிக்காரிகள் யாரும் திங்கட்கிழமை முதல் வரவேண்டாம். தினமும் பம்பைக் கழற்றிக் கழுவ ஒரு ஆள் மட்டும் போதும். மேனேஜர் அவளைக் கைகாட்டினார். அந்த நொடியில் அவள் மனதில் முதலில் வந்தது நிம்மதி. வெட்கம் பிறகுதான் வந்தது. அந்த வரிசையை அவளால் மாற்றிக்கொள்ளவே முடியவில்லை.

"முன்னாடியே தெரியும்ல உனக்கு?" என்றாள் பெரியக்கா.

"சத்தியமா தெரியாதுக்கா."

"சரி, விடு."

வீட்டில் அவன் கைகால் கழுவிவிட்டு வந்து உட்காரும்வரை பொறுத்திருந்தாள்.

"அது ஓடினா எங்க கதி என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்குத் தொட்டீங்க? அந்தக் கம்பெனிக்காரனே மூட்டை கட்டிட்டிருந்தான்."

"இவன் போனா இன்னொருத்தன் வந்து சரி பண்ணுவான். உன்னையாவது வச்சுக்கச் சொல்லி நான்தானே மேனேஜர்கிட்ட பேசினேன்?"

"நான் கேட்டது அதை இல்ல."

அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "கண்ணு முன்னாடி ஒரு மெஷின் தப்பா ஓடுது. சும்மா நின்னு வேடிக்கை பார்க்கச் சொல்றியா?"

"பார்த்திருக்கலாம். அந்த ஒரு நாள் பார்த்திருக்கலாம்."

அவன் சாப்பிட்டு முடித்தான். தட்டை அவனே கழுவி வைத்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் செய்யாத காரியம் அது.

திங்கட்கிழமை அவன்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். மூடியைக் கழற்றினால் உள்ளே பளபளவென்று இரண்டு உருளைகள், இடுப்புச் சிறுத்த பொம்மைகள் மாதிரி. "ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடாம சுத்தணும். தொட்டுச்சுன்னா போச்சு" என்றான் உற்சாகமாக. அவள் தலையாட்டினாள். இடுக்கில் சிக்கியிருந்த பழ நாரை விரல் நகத்தால் சுரண்டி எடுத்தாள். வேலை சுலபமாகத்தான் இருந்தது. படியே ஏறவேண்டாம். இரவு தோள் வலிக்கவில்லை என்பதே அவளுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

அந்த வாரக் கடைசியில் ஒரு நாள் காலை, கணவனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனாள். பெரிய சாலை திரும்பும் இடத்தில் துணி வெளுக்கும் ஆலை ஒன்று இருக்கிறது. அதன் கேட்டுக்கு வெளியே ஆள் எடுப்பதற்காக ஒரு வரிசை நின்றது. வாளிக்காரிகளில் பாதிப்பேர் அதில் இருந்தார்கள். பெரியக்கா கடைசியில் நின்றாள். அவன் வேகத்தைக் குறைத்து, தெரிந்தவர்களைப் பார்த்தால் அடிப்பதுபோல இரண்டு தடவை ஹாரன் அடித்தான்.

பெரியக்கா திரும்பிப் பார்த்தாள். சாப்பாட்டுப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, முன்னால் நகர்ந்த வரிசையோடு ஓரடி நகர்ந்தாள்.