நாலு வரப்பும் ஒரே அளவு

என் மருமகள் நாகலெட்சுமிக்கு முப்பத்தாறு வயது. அந்த வயதில் அவள் ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தது எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததை மனதில் வைத்துக்கொள்கிற ஆள் நானில்லை. கேட்டேன்.

"குரூப் ஃபோர் பரீட்சைக்கு மாமா. கணக்குல மட்டும் இருபத்தஞ்சு கேள்வி. ஆறாப்புல இருந்து கேக்குறாக."

"நீ பத்தாப்பு பாஸ் பண்ணவதானே?"

"பாஸ் பண்ணி இருபது வருசம் ஆச்சே. ரெண்டு பின்னத்தக் கூட்டச் சொன்னா மேல உள்ளத மேலயும் கீழ உள்ளதக் கீழயும் கூட்டி வைக்கிறேன். எல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு."

என் மகன் முனீஸ்வரன் கேரளாவில் கட்டடங்களுக்கு டைல்ஸ் ஒட்டுகிறான். பேத்தி பரமக்குடியில் ஹாஸ்டலில் இருக்கிறாள். என் வீட்டுக்காரி போய் ஆறு வருஷம் ஆகிறது. வீட்டில் நானும் மருமகளும்தான். அவள் முதல் மாதம் எண்களைப் படித்தாள். அடுத்த மாதம் எழுத்தைப் போட்டுக் கணக்குச் செய்தாள். அதற்கு இயற்கணிதம் என்று பெயராம். எண் தெரியாத இடத்தில் ஒரு எழுத்தைப் போட்டு மறைக்கிறவனை எப்படி நம்புவது? நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதனால் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் மாதம் சதுரம், முக்கோணம் என்று வடிவங்களுக்கு வந்தாள். வினை அங்கேதான் தொடங்கியது.

எங்கள் புஞ்சை மாரியூர்க் கடலிலிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. குண்டு மிளகாய் விளைகிற மண். ஒன்றையொன்று ஒட்டிய இரண்டு துண்டு. வடக்கே இருப்பது பனைப் புஞ்சை. தெற்கே தார்ரோட்டை ஒட்டி இருப்பது ரோட்டுப் புஞ்சை, அதன் ஒருபக்கம் ஓடை. நடுவே ஒரு வரப்பு. அம்மா இருந்தவரை நானும் தம்பி தங்கப்பாண்டியும் சேர்ந்தே விதைத்தோம், சேர்ந்தே சண்டை போட்டோம். போன தை மாதம் அம்மா போய்விட்டது. இனிப் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பாகம் பிரிக்க எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. மூத்தவன் அளந்து இரண்டாக்க வேண்டும். இளையவன் முதலில் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு பேச்சே கிடையாது. ஏமாற்ற நினைக்கிற அண்ணனுக்கு இதைவிடப் பெரிய பூட்டு இல்லை. ஒரு பங்கைக் கூட்டி வெட்டினால் கூடினதைத் தம்பி தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

ஞாயிற்றுக்கிழமை நூறடி டேப்பை வைத்து அளந்தோம். ஒரு முனை என் கையில், மறுமுனை தங்கப்பாண்டி கையில். பனைப் புஞ்சையின் வரப்புகள் இருநூறு, நூற்றைம்பது, இருநூறு, நூற்றைம்பது. ரோட்டுப் புஞ்சையும் அப்படியே இருநூறு, நூற்றைம்பது, இருநூறு, நூற்றைம்பது. எதிரெதிர் வரப்பைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்குவதுதான் எங்கள் ஊர் அளவு. இங்கே அதற்கும் வேலையில்லை. இரண்டு புஞ்சைக்கும் நாலு வரப்பும் ஒரே அளவு. ஆளுக்கொரு துண்டு. வெள்ளிக்கிழமை காலையில் தம்பி எடுப்பது என்று முடிவானது.

அவன் எதை எடுப்பான் என்று ஊருக்கே தெரியும். ரோட்டோரம் மிளகாய் வாங்கிப் போட ஒரு ஷெட் கட்ட வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது இதை நாகலெட்சுமியிடம் சொன்னேன். அவள் நோட்டை எடுத்தாள்.

"அளவச் சொல்லுங்க மாமா, பரீட்சைக் கணக்கு மாதிரி போட்டுப் பாக்குறேன்."

சொன்னேன். பனைப் புஞ்சை முப்பதாயிரம் சதுர அடி என்று எழுதினாள். ரோட்டுப் புஞ்சைக்கு வந்ததும் பேனா நின்றது.

"அது ஓடைக்கரையில சாஞ்சுல்ல கெடக்கு?"

"சாஞ்சா என்ன? வரப்பு வரப்புதானே?"

"இல்ல மாமா. மூலை நேரா இருந்தாத்தான் செவ்வகம். சாஞ்சா இணைகரம். ரெண்டுக்கும் நாலு பக்கம் ஒண்ணா இருக்கலாம், பரப்பு ஒண்ணா இருக்காது."

"முருகலட்சுமி சொல்லிக் குடுத்தாளா?" என்று கேட்டேன். முருகலட்சுமி என் தம்பி பெண்டாட்டி. கேட்டது தப்புத்தான். ஆனால் தோன்றியதைக் கேட்டுவிடுவேன்.

"அவுகளுக்கு இந்தக் கணக்குத் தெரிஞ்சா நம்மகிட்டயா சொல்வாக?" என்றாள். அதுவும் சரியாகத்தான் பட்டது.

அடுப்படியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து வந்தாள். குச்சியிருந்த உள்பெட்டியை உருவி வைத்துவிட்டு, மேல்கூட்டை மட்டும் என் முன்னால் நிறுத்தினாள். விரலால் லேசாகச் சாய்த்தாள். இன்னும் சாய்த்தாள். கூடு அப்படியே படுத்து அட்டையோடு அட்டையாக ஒட்டிப்போனது.

"நாலு பக்கமும் அப்படியேதான் இருக்கு. உள்ள எடம் எங்க போச்சு?"

வாங்கிப் பார்த்தேன். நிமிர்த்தினேன், படுக்க வைத்தேன். சோறு ஆறிப்போனது.

மறுநாள் விடிந்ததும் இரண்டு பேரும் கயிறோடு புஞ்சைக்குப் போனோம். வீட்டு அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டும்போது கொத்தனார் மூலை பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒருபக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி, குறுக்கே ஐந்தடி வந்தால் மூலை நேர். அவள் புத்தகத்திலும் அதுவே இருந்தது ஆச்சரியம்தான். ரோட்டு வரப்பில் அப்படி மூலை பிடித்து, நடுவரப்புக்கு நேராகக் கயிறு இழுத்தோம். ஓடைக்கரை வரப்போடு நடந்து போனால் நூற்றைம்பது அடி. நேராகக் குறுக்கே போனால் நூற்றிருபதுதான்.

"எரநூறு பெருக்கல் நூத்திருபது, இருபத்தி நாலாயிரம். ஆறாயிரம் சதுர அடி கம்மி மாமா."

"சென்ட்டுல சொல்லு."

"பதினாலு சென்ட்டுக்குக் கொஞ்சம் கொறைய."

நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை தம்பி தன் வாயால் ரோட்டுப் புஞ்சையைக் கேட்பான். முறைப்படி கேட்பான். எனக்குப் பதினாலு சென்ட் கூட வரும். நான் ஒரு பொய்யும் சொல்ல வேண்டியதில்லை, சும்மா நின்றாலே போதும். நாகலெட்சுமி கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தாள். என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டாவது இருப்பேன்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அவன்தானே எடுக்கிறான் என்று ஒரு மனம் சொன்னது. டேப்பின் முனையைப் பிடித்தது நானல்லவா என்றது இன்னொரு மனம். ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் வேறு. நாளைக்கு எவனாவது மெஷினை வைத்து அளந்தால், அண்ணன் ஏமாற்றிவிட்டான் என்பது என் பேரன் பேத்தி காலத்துக்கும் நிற்கும்.

வியாழக்கிழமை சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனேன். உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"ரோட்டுப் புஞ்சை பதினாலு சென்ட்டு கம்மிடா."

தங்கப்பாண்டி காபி டம்ளரைக் கீழே வைத்தான். "என்னண்ணே திடீர்னு?"

"திடீர்னுதான் தெரிஞ்சது."

உள்ளேயிருந்து முருகலட்சுமி வந்தாள். "ஞாயித்துக்கெழம சரியா இருந்த நெலம் வியாழக்கெழம சுருங்கிப் போச்சாக்கும்? தொவச்சுக் காயப்போட்டீகளா மச்சான்?"

"நாங்கூடத்தானே டேப்பப் பிடிச்சேன்," என்றான் தம்பி. "நூத்தம்பதுன்னு என் கண்ணால பாத்தேன்."

"நானுந்தான் பாத்தேன். வரப்பு சரி. நெலம்தான் கம்மி."

"இதென்ன பேச்சு? வரப்பு சரியாம், நெலம் கம்மியாம்! ரோட்டுப் புஞ்சை ஒனக்கு வேணும்னா நேராக் கேளேன். நான் அதத்தான் எடுப்பேன்னு தெரிஞ்சுக்கிட்டு, பயங்காட்டி பனைப் பக்கம் தள்ளி விடப் பாக்குற."

கோபத்தோடு திரும்பிவிட்டேன். நல்லது சொல்ல வந்தவனைக் கள்ளன் என்கிறான். ஆனால் நடந்து வரும்போது யோசித்துப் பார்த்தேன். அவன் வந்து என்னிடம் இப்படிச் சொல்லியிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லாரும் புஞ்சையில் நின்றோம். சாட்சிக்கு எங்கள் பங்காளி குருநாதன் வந்திருந்தார். நாகலெட்சுமி ஏழாம் வகுப்புப் புத்தகத்தோடு வந்ததைப் பார்த்து, "என்னப்பா, பள்ளிக்கூடத்த இங்கன மாத்திட்டாகளா?" என்று கேட்டார்.

அவள் தீப்பெட்டிக் கூட்டைக் காட்டினாள். கயிறு பிடித்துக் காட்டினாள். தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். முடிவில் மஞ்சள்பையிலிருந்து பட்டாவை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"ஒனக்கு அம்புட்டுக் கணக்குத் தெரியும்னா இதுக்குப் பதில் சொல்லுத்தா. எங்கய்யா சாகுற வரைக்கும் கேட்டாரு. வரப்ப அளந்து பெருக்குனா ரெண்டு புஞ்சையும் சேந்து ஒரு ஏக்கர் முப்பத்தெட்டு சென்ட்டு. காயிதத்துல ஒண்ணு இருபத்தி நாலுதான் இருக்கு. மிச்சம் பதினாலு சென்ட்ட எவன் தின்னான்?"

அவன் கேட்டது நியாயம். எங்களைப் பெற்ற அய்யா அதற்காக எழுதிப்போட்ட மனுக்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. அளக்க வந்தவன் தின்றுவிட்டான், எழுதினவன் தின்றுவிட்டான், கீழப் புஞ்சைக்காரன் காசு கொடுத்துக் குறைக்க வைத்துவிட்டான் என்று ஒவ்வொரு வருஷம் ஒவ்வொருவனைச் சொல்லுவார். கீழப் புஞ்சைக்காரன் வீட்டு நல்லது கெட்டதுக்கு நாங்கள் நாற்பது வருஷமாகப் போவதில்லை.

நாகலெட்சுமி பட்டாவை வாங்கிப் பார்த்தாள். தரையில் குந்தி நோட்டில் எழுதினாள். போன் எடுக்கவில்லை. பரீட்சையில் போனெல்லாம் விடமாட்டார்களாம், கையாலேயே வகுத்தாள். ஒருமுறை தப்பாகப் போட்டு அடித்துவிட்டு மறுபடி போட்டாள். தம்பி அவள் தலைக்கு மேலே குனிந்து நின்றான்.

"பனைப் புஞ்சை முப்பதாயிரம். ரோட்டுப் புஞ்சை இருபத்தி நாலாயிரம். கூட்டுனா அம்பத்தி நாலாயிரம். ஒரு சென்ட்டுக்கு நானூத்தி முப்பத்தஞ்சே முக்காலுக்குக் கொஞ்சம் கொறைய. வகுத்தா நூத்தி இருபத்தி நாலு சென்ட்டு." நிமிர்ந்தாள். "ஒண்ணு இருபத்தி நாலு. காயிதத்துல இருக்கது சரி சின்ன மாமா. யாரும் திங்கல."

தம்பி பட்டாவைப் பார்த்தான், நோட்டைப் பார்த்தான், பிறகு சாய்ந்து கிடந்த ஓடைக்கரை வரப்பைப் பார்த்தான். ஆயுசெல்லாம் பார்த்த வரப்புதான்.

"அப்ப அந்தப் பதினாலு சென்ட்டு?"

"அது எப்பவுமே இல்ல. சாஞ்ச வரப்ப நேரா நெனச்சுப் பெருக்குனதுல வந்தது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயை மூடினாலும் நிற்கவில்லை. தங்கப்பாண்டியும் சிரித்தான். "எங்கய்யா கலெக்டருக்கே மனுப் போட்டாரே அண்ணே!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நெஞ்சில் கிடந்த கல் ஒன்று இறங்கியது. அந்தக் கல் நான் பிறக்கும் முன்பே எங்கள் வீட்டில் இருந்திருக்கிறது. இத்தனை பேரைச் சந்தேகப்பட்டோம், ஒருவன்கூட எங்களை ஏமாற்றவில்லை.

"சரி, ஆறாயிரம் கம்மின்னா நடுவரப்ப வடக்க தள்ளு," என்றான் தம்பி. "எரநூறடி நீளத்துக்கு முப்பதடி. அம்புட்டுத்தானே?"

"முப்பதடி தள்ளுனா ஒங்களுக்குக் கூடிரும்," என்றாள் நாகலெட்சுமி. "அங்கன எடுக்குறது இங்கன சேருதுல்ல? எம்புட்டுத் தள்ளணும்னு தெரியல, அத எக்ஸ்னு வச்சுக்கிருவோம். அங்கன முப்பதாயிரத்துல எரநூறு எக்ஸ் போகும், இங்கன இருபத்தி நாலாயிரத்தோட எரநூறு எக்ஸ் சேரும். ரெண்டும் ஒண்ணா இருக்கணும். நானூறு எக்ஸ் ஆறாயிரம். பதினஞ்சடி."

அந்த எழுத்து எதையும் மறைக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே எழுதி வைத்துக்கொண்டு தேடுகிறார்கள். அது எனக்கு அப்போதுதான் விளங்கியது. குருநாதன் தன் விரலை மடக்கிச் சரிபார்த்தார். ஆளுக்கு இருபத்தேழாயிரம், அறுபத்திரண்டு சென்ட். அவருக்கும் அதே வந்தது.

"இப்ப எடுடா," என்றேன் தம்பியிடம்.

அவன் இரண்டு பக்கமும் நடந்து பார்த்தான். முருகலட்சுமி அவன் காதில் என்னவோ சொன்னாள். நான் பனையடியில் நின்றேன். அவன் எதை எடுத்தாலும் எனக்கு ஒன்றுதான். அப்படி நின்று எத்தனை வருஷம் ஆயிற்று என்று தெரியவில்லை. வயிறு பசித்தது.

"ரோட்டுப் புஞ்சை," என்றான்.

"எடுத்துக்க."

பதினைந்தடி வடக்கே இரண்டு முனையிலும் முளையடித்தோம். ஒரு முனையில் அவன், மறுமுனையில் நான். நடுவே கயிறு.

"இழுத்துப் பிடிண்ணே, தொங்குது."

இழுத்தேன். அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கயிறு நேராக இருக்கிறதா என்று அங்கிருந்து பார்த்தான். நானும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு இங்கிருந்து பார்த்தேன்.

"நேராத்தான் இருக்கு," என்றான்.

"இருக்கு," என்றேன். மண்வெட்டியை எடுத்தோம்.