மூன்றாம் தண்ணீர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் என் வீட்டு மீன்தொட்டியில் ஒரு மீனுக்கு உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி விழுந்த அன்றுதான் இந்தக் கதை தொடங்கியது. வளர்ப்புமீன் விற்கும் கடைக்காரர் உப்பைக் கொடுத்து, பழைய தண்ணீரை மொத்தமாகக் கொட்டிவிடாதீர்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மாற்றுங்கள் என்றார். உப்பைப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். (தொட்டியை என்னிடம் விட்டுப்போனவரைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை.)

முதல் தொடக்கம்: "1926ஆம் ஆண்டு, சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், பனி விலகாத காலையில், ராக்காயி..." வேண்டாம். எல்லாக் கதையிலும் பனி விலகிக்கொண்டேதான் இருக்கிறது.

2

ராக்காயி பால்மரம் வெட்டுகிறவள்; ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. அவள் புருஷன் அப்பாவு துரை பங்களாவில் வேலை பார்த்தவன். துரைசாணி ஊருக்குக் கப்பலேறும்போது விளிம்பு உடைந்த ஒரு கண்ணாடித் தொட்டியையும் ஒற்றைத் தங்கமீனையும் அவனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பிறகு அவனுக்குச் சித்தம் கலங்கிவிட்டது. தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரிக்கு ரயிலேற்றிக் கூட்டிப்போனார்கள். போகும்போது அவன் சொன்னது இவ்வளவுதான்.

"தண்ணிய மொத்தமா மாத்திப்புடாத புள்ள. கொஞ்சங் கொஞ்சமா மாத்து."

இரண்டு வருடம் அப்படியே செய்தாள். கிணற்று நீரைப் பானையில் ஒருநாள் தெளியவைத்துத்தான் ஊற்றுவாள். ஒரே ஒரு தடவை ரயிலேறி அவனைப் பார்க்கப் போனாள். "மீன் திங்குதா?" என்று கேட்டான். வேறொன்றும் கேட்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அவளுக்கு அந்த மீன்மேல் எரிச்சலாக வந்தது. நீ சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் ஏங்கிக் கிடந்தாள்.

(இந்த இடத்தில் அவளைச் சந்தேகித்தேன். இவ்வளவு எரிச்சல்படுகிறவள் மீனை ஏன் காப்பாற்ற வேண்டும்? இரண்டு நாள் எழுதவில்லை. பிறகு புரிந்தது. அவன் மறுபடி கேட்டால் சொல்ல அவளிடம் ஒரு பதில் இருக்க வேண்டுமே.)

3

மீனுக்கு வெள்ளைப் புள்ளி விழுந்தது. பார்த்ததும் ராக்காயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மை. கோயில் வேம்பில் இலை ஒடித்து வந்து வாசலில் செருகினாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியாள் வரக்கூடாது. முத்து இறங்கும்வரை நோயாளிக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது. இறங்கிய பிறகு வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று முறை ஊற்றுவார்கள். மூன்றாம் தண்ணீருக்குப் பிறகே வாசல் வேப்பிலையை எடுப்பார்கள்.

பக்கத்து வீட்டு மங்களம் எட்ட நின்றே சொன்னாள். "மீனுக்கு அம்மை பாக்குறவள இப்பத்தான் பாக்குறேன். ஒன்னையும் ரயிலேத்திருவாங்க, பாத்துக்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ராக்காயிக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐந்து நாள் தண்ணீர் மாற்றவில்லை. தொட்டி கலங்கி நாறியது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. ஆறாம் நாள், "ஆத்தா, குத்தமா எடுத்துக்காத" என்று சொல்லி, முத்து இறங்குமுன்பே முதல் தண்ணீரை ஊற்றினாள். அப்பாவு சொல்லியிருந்தபடி, கொஞ்சம் மொண்டு வெளியே விட்டு அந்த அளவுக்குப் புதிது. மீன் சோர்ந்தால் அவன் போடும் கல்லுப்பையும் மறக்கவில்லை. ஒருநாள் விட்டு இரண்டாம் தண்ணீர். மீன் இரை தின்றது.

(கடைக்காரர் எனக்குச் சொன்னதும் இதேதான். அம்மன் பெயரை மட்டும் அவர் சொல்லவில்லை.)

4

அடுத்த நாள் மத்தியானம் அப்பாவு வந்துவிட்டான். குணமாகிவிட்டது என்று அனுப்பியிருந்தார்கள். கையில் ஒரு துணிமூட்டை. வாசல் வேப்பிலையைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

இதை நான்கு விதமாக எழுதினேன். ஒன்றில் அவள் வேப்பிலையைப் பிய்த்தெறிந்துவிட்டு ஓடிப்போய் அவன்... இல்லை, அவள் அப்படிச் செய்யமாட்டாள். கடைசியில் மிஞ்சியது இது.

"யாருக்கு?"

"மீனுக்கு."

அவன் சிரிக்கவில்லை.

"எத்தனாவது தண்ணி?"

"ரெண்டு ஆயிருச்சு."

"அப்ப நாளைக்கு வாரேன்."

கோயில் பக்கம் போய்விட்டான். ராக்காயி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த இரண்டு வருடத்தில் அவள் பேச்சை யாரும் இப்படி நம்பியதில்லை. ஆனாலும் அவன் கேட்டது இன்றைக்கும் மீனைப் பற்றித்தான்.

5

மறுநாள் மூன்றாம் தண்ணீர் ஊற்றினாள். வேப்பிலையை எடுத்தாள். தலைக்குக் குளித்தாள். இரண்டு பேருக்குச் சோறு வடித்து, தான் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். கோயில் பக்கமிருந்து அவன் வருகிறான்.

ஒரு முடிவில் அவன் நேரே தொட்டியிடம் போகிறான். இன்னொரு முடிவில் வாசலிலேயே நின்று அவள் முகத்தைப் பார்த்து, "நீ சாப்..."

அந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. அந்த வார்த்தையை என்னிடமும் யாராவது கேட்டு நாளாகிவிட்டது. எந்த முடிவு என்று நீங்களே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். சோறு ஆறிக்கொண்டிருக்கிறது.