வெட்டி எறிந்த பதினேழு நொடிகள்

காலையிலிருந்து அறிவியல் டீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பதினோரு மணிக்குக் கல்வி அதிகாரி வருகிறார். அவளுடைய மெழுகுவர்த்தி வீடியோவை இரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். அதை எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பவும், பாட வீடியோக் குழுவுக்கு அவளைப் பொறுப்பாக்கவும் அவர் இன்று கையெழுத்துப் போடப்போகிறார்.

நேற்று வகுப்பில் கிளம்பியது வினை. 'வக்கீல்' என்று தோழிகள் கேலி செய்யும் மாணவி எழுந்து நின்றாள்.

"மிஸ், தட்டுல தண்ணி ஊத்தி, எரியற மெழுகுவர்த்தியை டம்ளரால மூடினா தண்ணி உள்ளே ஏறுது. ஆக்சிஜன் எரிஞ்சு காலியான இடத்துக்குத் தண்ணி வருதுன்னு வீடியோவுல சொன்னீங்கல்ல? நான் ரெண்டு மெழுகுவர்த்தி வெச்சேன். இன்னும் மேல ஏறிடுச்சு. அதே டம்ளர்தான். ஆக்சிஜன் மட்டும் எப்படிக் கூடும்?"

"ஆரம்பிச்சிட்டாடா வக்கீல்!" வகுப்பு சிரித்தது. டீச்சருக்குச் சுருக்கென்றது. "நாளைக்குச் சொல்றேன், உட்காரு."

வீட்டில் வெட்டாத பதிவை ஓடவிட்டாள். டம்ளரைக் கவிழ்த்ததுமே விளிம்பில் குமிழிகள்: சூடான காற்று விரிந்து வெளியேறுகிறது. சுடர் அணைகிறது. அதற்குப் பிறகுதான், மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்க, தண்ணீர் விறுவிறுவென ஏறுகிறது. பார்ப்பவர்களுக்குப் பொறுமை இருக்காதென்று குமிழிகளையும் அந்தக் காத்திருப்பையும், மொத்தம் பதினேழு நொடிகளை, அவளே கத்தரித்திருந்தாள். வெட்டிய படத்தைப் பார்த்தே விளக்கமும் பேசியிருந்தாள்.

காலையில் தலைமையாசிரியையிடம் சொன்னாள்.

"ஏம்மா, ஆள் வாசலுக்கு வர்ற நேரத்திலயா? இன்னிக்கு வாயைத் திறக்காதே. அப்புறம் மெதுவா மாத்திக்கலாம்."

"கையெழுத்துப் போட்டுட்டா எல்லா ஸ்கூலுக்கும் போயிடும் மேடம்."

"போகட்டுமே. பரீட்சையில அப்படித்தானே எழுதுறாங்க?"

வகுப்பில் அதிகாரி பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் அவளுடைய சிரித்த முகம் உறைந்து நின்றது. டீச்சரின் விரல் வீடியோவை ஓடவிடும் பொத்தான்வரை போய்த் திரும்பியது.

"சார், இந்த வீடியோவுல நான் சொன்னது தப்பு."

தலைமையாசிரியை இருமினார்.

"தப்பா? நேத்துதான் என் பேரன்கிட்ட பெருமையா செஞ்சு காட்டினேனேம்மா!" என்றார் அதிகாரி. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

டீச்சர் தண்ணீர் ஊற்றிய இரண்டு தட்டுகளை மேசையில் வைத்தாள். "வக்கீல், வா இங்க. இதுல ஒரு மெழுகுவர்த்தி வை, அதுல ரெண்டு."

டம்ளர்களைக் கவிழ்த்ததும் சுடர்கள் அணைந்தன. பிறகு இரண்டு டம்ளர்களிலும் தண்ணீர் ஏறியது. இரண்டாவதில் ஒரு விரல்கடை கூடுதலாக. அதிகாரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"இதை விளக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டரை நிமிஷம் சார்."

"அவ்வளவு நேரம் யாரும்மா பார்ப்பாங்க?" கையெழுத்தில்லாத தாளைக் கோப்புக்குள் செருகிக்கொண்டு எழுந்தார். தலைமையாசிரியை அவர் பின்னாலேயே ஓடினார்.

டீச்சர் செல்போனை எடுத்து அந்த வீடியோவைத் தேர்ந்தெடுத்தாள். 'அழிக்கவா?' என்று கேட்டது. விரல் அந்தரத்தில் நின்றது.

"மிஸ், மூணு வெச்சுப் பார்க்கலாமா?" வக்கீல் தீப்பெட்டியோடு நின்றாள்.

"ஒரு நிமிஷம் இரு" என்று சொல்லி 'ஆம்' என்பதை அழுத்தினாள்.