தேய்க்க வந்த கை

செங்கல்வராயன் பழவேற்காடு ஏரியில் வலை இழுக்கிறவர். கிளிஞ்சல் கிழித்துப் பாதம் சீழ் பிடித்து, காய்ச்சலோடு எங்கள் ஆரம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். அது 1967. டாக்டர் கும்மிடிப்பூண்டிக்குப் போகுமுன் பெனிசிலின் எழுதிவிட்டுப் போயிருந்தார். உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று தோலில் துளி மருந்து ஏற்றிப் பார்த்தேன். தடிப்பு ஒன்றும் இல்லை. குப்புறப் படுக்கச் சொன்னேன்.

"நட்ட நடு ஏரில நிக்கிற ஆளு, ஊசியப் பாத்து ஒடுங்கிக்கினு கீறாரு பாருங்க நர்ஸம்மா" என்றாள் அவர் மனைவி கன்னியம்மா.

"நீ சும்மா இருமே. குத்து வாங்கப் போறது நானு."

"இடுப்பைத் தளர விடுங்க" என்றேன்.

புட்டத்தை மனதுக்குள் நாலாகப் பிரித்து, வெளிப்பக்கத்து மேல் பாகத்தில் ஊசியை நேராக இறக்கினேன். அப்போதெல்லாம் ஒரே ஊசியைக் கொதிக்கவைத்து, கல்லில் தீட்டித் தீட்டிப் போடுவோம். சிரிஞ்சில் மாட்டும் தலைப்பாகத்தோடு சேரும் இடத்தில்தான் அது பலவீனமாகும். அதனால் முழுக்க இறக்காமல், பிடிக்கிற அளவு வெளியே விடுவது வழக்கம்.

ரத்தம் வருகிறதா என்று சிரிஞ்சின் பின்தண்டை இழுத்துப் பார்க்கும்போது அவர் உடம்பை இறுக்கினார். சிரிஞ்சு என் கையோடு வந்துவிட்டது. ஊசி வரவில்லை.

ஒரு நெல்மணி நீளம் மட்டும் தோலுக்கு மேலே நின்றது.

"ஆச்சா?" என்றார்.

"அசையாதீங்க."

"ஆச்சுன்னா தேச்சி உடுறேன்" என்று கன்னியம்மா கையை நீட்டினாள். ஊசி போட்டதும் அழுத்தித் தேய்ப்பது எல்லோருக்கும் பழக்கம். அவள் உள்ளங்கை அந்த முனைக்கு மேலே வந்தபோது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அவளும் பார்த்தாள். வாய் திறந்தது. கத்தினால் இவர் துள்ளி எழுவார். எழுந்தால் ஊசி சதைக்குள் போய்விடும். அப்புறம் மெட்ராஸுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். எங்கே வெட்டித் தேடுவார்களோ.

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டு விரலால் சுற்றுச் சதையை அமுக்கிப் பிடித்தபடி, தட்டிலிருந்த இடுக்கியைக் கண்ணால் காட்டினேன். அவள் கத்திரிக்கோலை எடுத்தாள். இல்லை என்று தலையசைத்தேன். அடுத்து எடுத்தது சரி. அதை நீட்டினாள்.

"இன்னாமே, பேச்சையே காணோம்?"

"உம் முதுவு அழுக்கப் பாத்துக்கினு கீறேன். ஆடாம படுய்யா" என்றாள். குரல் பாதியில் உடைந்தது.

அது அவருக்குக் கேட்டுவிட்டது. "இன்னாது?" என்று மறுபடி இறுக்கினார். முனை கறுப்புப் புள்ளியாகச் சுருங்கியது. சதையை இன்னும் அமுக்கினேன். இடுக்கி ஒரு முறை வழுக்கியது. மறுமுறை கவ்வியது. நேராக இழுத்தேன்.

வந்ததை வேறொரு முழு ஊசியின் பக்கத்தில் வைத்து நீளம் பார்த்தேன். உள்ளே மிச்சம் இல்லை. கன்னியம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் லுங்கியை இழுத்துவிட்டு எழப் பார்த்தார். மருந்து முழுக்க சிரிஞ்சிலேயே இருந்தது. ஒடிந்ததை அவரிடம் காட்டி, மறுபடி போட வேண்டும் என்றேன்.

"நாளிக்கி வரட்டா?"

"சீழ் அதுவரைக்கும் நிக்காது."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் எழுந்து வந்து தலைமாட்டில் நின்று அவர் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள். மறுபடி குப்புறப் படுத்து, மறுபக்கத்தைக் காட்டினார். நான் கொதித்த பாத்திரத்திலிருந்து இன்னொரு ஊசி எடுத்து, வளைகிறதா என்று பார்த்து மாட்டினேன். இந்தத் தடவை அவர் உடம்பு தளர்ந்து கிடந்தது. என் விரல்கள்தான் கட்டையாக இருந்தன.

"மூச்சு வுடுய்யா" என்றாள் கன்னியம்மா.

அவர் விட்டார். நானும் விட்டேன். மருந்து மெதுவாக உள்ளே இறங்கியது.