கோட்டை விட்டு நகராத பதினெட்டுப் புள்ளிகள்

இப்படியும் ஒரு அளவீடு உண்டா? அக்டோபரில் கேட்டு வாங்கிய பதினெட்டுப் புள்ளிகளும், ரிம்மா கிளேபோவ்னா தன் கணக்கின்படி வரைபடத்தில் இழுத்த கோட்டின் மேல் அச்சடித்தாற்போல உட்கார்ந்திருந்தன. சூடேற்றினால் உலோகக் கம்பியின் உள்ளமைப்பு மாறி, வளைந்தது நிமிரும். எந்தச் சூட்டில் எவ்வளவு மாறும் என்று சொல்லும் கணக்கு அவளுடையது, ஏழு வருட உழைப்பு. வியாழக்கிழமை லெனின்கிராத் ஆய்வு நிறுவனத்தின் அறிஞர் அவையில் அதை நிலைநாட்டினால்தான் டாக்டர் பட்டம். அளந்த புள்ளி என்றால் கொஞ்சமாவது தள்ளாடாதா? அடித்தள ஆய்வகத்து யெஃபிம் சாவ்விச் சோம்பேறித்தனமாக அவள் கோட்டைப் பார்த்தே புள்ளி வைத்துவிட்டானோ? இரண்டு நாளாக உணவுக்கூடத்தில் அவள் முகத்தைப் பார்க்காமல் நழுவுகிறானே! குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

வரைபடத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். அவன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"யெஃபிம் சாவ்விச், இதெல்லாம் அளந்ததா, வரைஞ்சதா?"

"வாய்க்கு வந்தபடி பேசாதீங்க!" அவன் பதிவேட்டைத் தூக்கி அவள் முன்னால் போட்டான். பக்க எண் இட்டு, நூல் கோத்து, முத்திரை வைத்த ஏடு. ஒரு தாளைக்கூடச் செருக முடியாது. பதினெட்டு எண்களும் அதில் இருந்தன. தேதி, பிப்ரவரி பதினொன்று. அடியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று அவளுடைய கையெழுத்து.

"அக்டோபர்ல புதுசா அளந்தீங்கதானே?"

"நல்லா இருக்கே! படம் போடணும், புள்ளிங்களைக் குடுங்கன்னு சீட்டு அனுப்பினீங்க. இருந்ததைக் குடுத்தேன். அளங்கன்னு எங்க எழுதினீங்க?"

ரிம்மா தேதியையும் தன் கையெழுத்தையும் மறுபடி பார்த்தாள். கணக்கில் தெரியாமல் நின்ற இரண்டு எண்களை ஏப்ரலில் இதே அளவுகளுக்கு ஒத்துவரும்படிதான் அவள் திருத்தியிருந்தாள். உடம்பை அளந்து தைத்த சட்டையை அதே உடம்பில் போட்டுவிட்டு, என்ன பொருத்தம் என்று மெச்சியிருக்கிறாள். புள்ளியில் பொய் இல்லை. அவள் காட்டவிருந்த நிரூபணம்தான் பொய்.

"வேற கம்பி இருக்கா?"

"இருக்கு. அளக்கச் சொல்லிடுவீங்களோன்னுதான் ரெண்டு நாளா உங்க கண்ணுல படாம இருந்தேன். ஒத்துப்போகலைன்னா அதையும் அவையில காட்டுவீங்களா? இல்ல, யெஃபிம் சரியா அளக்கலைன்னு சொல்லிடுவீங்களா?" இப்போது சந்தேகம் அவன் கண்ணில் இருந்தது. அவளால் கோபப்பட முடியவில்லை.

"நீங்க அளங்க, நானே கூட உக்காந்து எழுதுறேன். போடுங்க."

முதல் புள்ளி கோட்டுக்குக் கீழே விழுந்தது. இரண்டாவது இன்னும் கீழே. ஆறாவதையும் விழுந்த இடத்திலேயே அவள் எழுதினாள்.

"வியாழக்கிழமை என்ன பண்ணப் போறீங்க?" என்று அவன் மெதுவாகக் கேட்டான்.

"கணக்கு தப்புன்னு அவங்ககிட்ட அன்னைக்குச் சொல்லுவேன். உங்களைத் திருடன்னு நினைச்சேன் யெஃபிம் சாவ்விச், அதை இப்பவே சொல்லிடறேன். ஏழாவதைப் போடுங்க."